மூன்று பேருக்கு ஒன்றாம் நம்பர்

கட்டளை அடித்ததும் திரையில் 'சரி' என்று வந்துவிட்டால் அந்த வேலை ஆயுசுக்கும் முடிந்துவிட்டது என்று நம்பிய ஒருத்தி ஏற்காட்டு மலையில் இருந்தாள். அது நான்தான்.

கரடியூரில் சிறு விவசாயிகள் பொதுவில் வைத்திருக்கும் ஒரு பல்ப்பர் ஷெட் உண்டு. பறித்த காப்பிப் பழத்தை அன்றைக்கே அங்கே கொண்டுபோய்த் தோலுரித்தாக வேண்டும். தவறினால் புளித்துவிடும். வரிசையில் எப்போதும் சண்டை. கம்ப்யூட்டர் படிப்பை அப்போதுதான் முடித்திருந்த நான் அதைத் தீர்க்கக் கிளம்பினேன். ஷெட்டின் பழைய கம்ப்யூட்டரில் ஓர் அரட்டை சர்வர் போட்டேன். (வாட்ஸ்ஆப் குழு ஏற்கனவே இருந்தது. ஆனால் அதை நான் உருவாக்கவில்லையே.) அதோடு இரண்டு மாட்யூல்களை, அதாவது துணை நிரல்களை, கட்டளை அடித்துக் கூப்பிட்டுச் சேர்த்தேன். 'வரிசை' என்று எழுதினால் ஒன்று நம்பர் தரும். கடைசியாகத் தந்த நம்பரை மற்றொன்று நினைவு வைத்துக்கொள்ளும்.

கார்த்திகை மாதம், முதல் அறுவடை நாள். அப்பாவுக்குத்தான் ஒன்றாம் நம்பர்.

"எம் புள்ள போட்ட சிஸ்டமுங்க," என்று கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் போனைக் காட்டிவிட்டு, ஆறு மூட்டைப் பழத்தை ஷெட் வாசலில் இறக்கிவைத்துச் சாப்பிடப் போனார்.

கொஞ்ச நேரத்தில் நம்பர் வருவது நின்றது. சர்வர் உயிரோடு இருந்தது, அரட்டையும் ஓடியது, மாட்யூல்களை மட்டும் காணோம். குழப்பத்தோடு வீட்டிலிருந்தே மறுபடி ஏற்றினேன். அரை மணி நேரத்தில் மறுபடி மாயம். யாரோ வெளியூர்க்காரன் சர்வருக்குள் புகுந்துவிட்டான் என்று முடிவுகட்டிப் பாஸ்வேர்டை நான்கு முறை மாற்றினேன். (கரடியூர்ப் பழ மூட்டைகளின் ரகசியம் அவ்வளவு பெரியது.) அந்த அவசரத்தில் நம்பர் தரும் மாட்யூலை மட்டும் ஏற்றினேன். நினைவு வைக்கும் மாட்யூல் எனக்கு நினைவில்லை.

மூன்று மணிக்கு அப்பாவும் நானும் ஷெட்டுக்கு வந்தபோது வாசலில் கூட்டம்.

"ஏனுங்க, எனக்கு ஒண்ணாம் நம்பருங்க," என்றார் வாழவந்தி கிராமத்து வேலுச்சாமி.

"எனக்கும் அதேதானுங்க," என்றார் கிளியூர்க்காரர் ஒருவர்.

அப்பா போனை எடுத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். போனை அணைத்துப் பைக்குள் போட்டார்.

"புள்ள சிஸ்டமாச்சே, நாம பொறவு பாத்துக்கலாமுங்க. நீங்க முந்திக்கங்க."

உள்ளே ஷெட்டில் கணக்கெழுதும் ரைட்டர் மேரி அக்கா, மறுநாள் வேலைக்கு வரவேண்டியவர்களின் பெயரை ஆள் கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். நான் ஹேக்கர் கதையைச் சொன்னேன்.

"ஆக்கரெல்லாம் இல்ல கண்ணு. இடி இடிச்சா மெயின் சுவிச்சை எறக்கறது வழக்கந்தானே. மூணு தடவ எறக்கி ஏத்துனேன்."

"சர்வர் தானா எந்திரிச்சுதேக்கா. மாட்யூல் மட்டும் ஏன் வரல? காலைலயே கூப்பிட்டேனே."

"வாயால கூப்பிட்டியா, நோட்டுல எழுதுனியா?"

"கூப்பிட்டேன்."

"நோட்டுல பேரில்லாத ஆளு அடுத்த நாளு எப்படிச் சாமி வேலைக்கு வரும்?"

சர்வர் எழுந்ததும் படிக்கும் தொடக்கக் கோப்பைத் திறந்தேன். என் மாட்யூல்களின் பெயர் அதில் எங்குமே இல்லை. இரண்டே வரிகளைச் சேர்த்தேன். மெயினை அக்காவே இறக்கி ஏற்றினார். இரண்டும் கூப்பிடாமலே வந்து நின்றன.

அதற்குள் ஷெட்டை மூடும் நேரம் ஆகியிருந்தது. எங்கள் மூட்டைகளில் இரண்டுதான் மிஷினுக்குள் போயின. மீதி நான்கைத் தோலோடு எங்கள் வீட்டு வாசலில் காயப்போட்டோம். ஒரு மாதம் வீடெல்லாம் கள்ளுக்கடை வாசம்.

அப்பா அன்று ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை, சேமித்துவைத்திருந்திருக்கிறார். போன மாதம் என்னைப் பெண் பார்க்க வந்தபோது கரண்ட் போய், ஐந்து நிமிடத்தில் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் முன்னால், காப்பித் தட்டோடு நின்ற என்னிடம் நிதானமாகக் கேட்டார்:

"கண்ணு, உம் பேரு ஞாபகமிருக்குதா?"

இப்போது கரண்ட் போய் வரும்போதெல்லாம் அந்தக் கேள்வியை மாப்பிள்ளையும் போன் போட்டுக் கேட்கிறார்.