ஆறாவது குழிக் குளமும் பூட்டி வைத்த பன்னிரண்டாவது பந்தும்

என் மனைவியின் ஒரே தம்பியும், எங்கள் வீட்டில் எது நடந்தாலும் முதல் ஆளாக வந்து கடைசி ஆளாகக் கிளம்புகிறவருமான மைத்துனர் அவர்களுக்கு,

அநேக ஆசிகளுடன் எழுதுவது. இவ்விடம் நானும் தங்கள் அக்காவும் சௌக்கியம். எனக்கு இடது தோளில் ஒரு பிடிப்பும் அவளுக்கு வலது கால் கட்டைவிரலில் ஒரு கட்டும் இருக்கின்றன என்பதைத் தவிர வேறு குறையில்லை. இரண்டும் எப்படி வந்தன என்பது கீழே உரிய இடத்தில் வரும். தாங்களும் மனைவி மக்களும் நலமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். நிற்க.

ஜெயித்துவிட்டேன் மாப்ளே! எல்லாவற்றையும் வரிசைப்படி எழுத வேண்டும் என்றுதான் மேஜையைத் துடைத்து, பேனாவுக்கு மை போட்டு, நிதானமாக உட்கார்ந்தேன். முடியவில்லை, கை துள்ளுகிறது. 'தாங்கள்' போட்டுக்கொண்டிருந்தால் விஷயத்துக்கு வருவதற்குள் மூச்சு வாங்கிவிடும், அதனால் இனிமேல் 'நீ'தான், கோபித்துக்கொள்ளாதே. பேத்தி நாளைக் காலையில் வருகிறாள்! இரண்டு மாத விடுமுறையும் முழுசாக எங்கள் வீட்டில்! ஒரு நாள் குறையாது! குளத்தைத் தாண்டிவிட்டேன்!

எந்தக் குளம் என்று கேட்பாய். எங்கள் கோல்ஃப் மைதானத்தில் ஆறாவது குழிக்கு முன்னால் ஒரு குளம் இருக்கிறது. இந்தக் கரையில் நின்று அடித்தால் பந்து நூற்றிருபது கஜம் தரையைத் தொடாமல் பறக்க வேண்டும், அப்போதுதான் அக்கரை. நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று நீ ஆசையாக ஒரு டஜன் பந்து அனுப்பினாயே, டப்பாவின் மேலே தங்க எழுத்தில் 'சாம்பியன்களின் பந்து' என்று போட்டிருந்ததே, அதில் பதினொன்று அந்தக் குளத்துக்குள்ளேதான் இருக்கின்றன. ஒவ்வொன்றும் நல்லபடியாகத்தான் கிளம்பும், நடுக்குளம் வந்ததும் ஏதோ ஞாபகம் வந்த மாதிரி நிற்கும், அப்படியே தொபுக்கென்று இறங்கிவிடும். உன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நீ நல்ல மனசோடுதான் அனுப்பினாய். ஆனால் எனக்குப் போய் அந்தப் பந்தை அனுப்பினாயே என்று தோன்றியது உண்மை, அதை மறைக்க மாட்டேன்.

இப்போது சம்பந்திக்கு வருகிறேன். மருமகளைப் பெற்றவர், பத்திரப் பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர், 'நல்லா இருக்கீங்களா' என்று கேட்டால்கூட 'மேற்படி நபர் நலம்' என்கிற தோரணையில் பதில் சொல்வார். போன விடுமுறைக்குக் குழந்தை அவர் வீட்டுக்குப் போய்விட்டாள். இங்கே அவளுக்கென்று உன் அக்கா வாங்கி வைத்த சிவப்புச் செருப்பு வாசல் பக்கத்திலேயே வருஷம் பூரா கிடந்தது. எட்டு வயசுக் கால், நமக்காகக் காத்திருக்குமா? இப்போது அதைப் போட்டால் அவள் குதிகால் பாதி வெளியே நிற்கும். வாசல் பெருக்கும்போதுகூட அந்தச் செருப்பை யாரையும் நகர்த்த விடவில்லை நான். இந்த வருஷம் எங்கே அனுப்புவது என்று மகனும் மருமகளும் மண்டையைப் பிய்த்துக்கொண்டு, கடைசியில் 'ரெண்டு தாத்தாவும் பேசி முடிவு பண்ணிக்குங்க, எங்கள விட்டுடுங்க' என்று போனை வைத்துவிட்டார்கள். சம்பந்தி உடனே, "பேச்சு எதுக்கு சம்பந்தி, குளம் இருக்குல்ல?" என்றார். ஆளுக்கு மூன்று பந்து, யார் பந்து அக்கரையில் ஈரமில்லாமல் கிடக்கிறதோ அவர் வீட்டுக்குக் குழந்தை. வாயால் சொன்னதோடு விட்டாரா? இரண்டு பக்கத்துக்கு ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டார். அவருக்கென்ன, பத்துக்கு ஒரு தடவையாவது தாண்டுவார். நான் ஜென்மத்தில் தாண்டியதில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் உன் அக்கா சாப்பாடே போடவில்லை.

மறுநாள் காலையில் முதல் வேலையாக விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனேன். அங்கே ஒரு பெண், உன் மூத்த மகள் வயசுதான் இருக்கும், என்னை ஒரு வலைக்கு முன்னால் நிறுத்தி அடிக்கச் சொல்லி, பக்கத்தில் இருந்த மெஷினைப் பார்த்தாள். பிறகு மெஷினைத் தட்டிவிட்டு மறுபடி அடிக்கச் சொன்னாள். "சார், மெஷின் சரியாத்தான் இருக்கு" என்றாள். மணிக்கு அறுபத்திரண்டு மைல்! எனக்கு ஒரே சந்தோஷம், என் ஸ்கூட்டரே அவ்வளவு போகாது. அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை. "இது ரொம்ப மெதுவான வீச்சு சார். நீங்க இப்ப அடிக்கிறது வேகமா வீசுறவங்களுக்கான பந்து, உள்ளே கெட்டியா இருக்கும். மட்டை படும்போது பந்து கொஞ்சம் நசுங்கணும், நசுங்கினாத்தான் துள்ளிப் பறக்கும்" என்றாள். "நான் அடிக்கிற அடியில நசுங்காதா?" என்றேன். "நசுங்குறதா? நீங்க அடிச்சதே அதுக்குத் தெரியாது சார்" என்றாள். நாலு பேர் நடுவில்! ஆனால் சொன்னது நியாயம். முப்பத்து மூன்று வருஷம் எடையளவு ஆய்வாளராக இருந்தவன் நான், அளவு சொன்னால் ஒப்புக்கொள்வேன். மெதுவாக வீசுகிறவர்களுக்கு உள்ளே மெத்தென்று இருக்கிற பந்துதான் சரி, அதிலும் ஆறு தினுசு இருக்கிறது என்றாள். எது அதிகம் மெத்து என்றேன். எல்லாக் கம்பெனிக்காரனும் தன்னுடையதைத்தான் சொல்வான் என்றாள். என்கிட்டயேவா! ஆறு தினுசிலும் இரண்டிரண்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கடைக்காரன் வாயால் சொல்லும் அளவை நான் என்றைக்கு நம்பினேன்? கூடத்தில் பலகை போட்டு, ஒவ்வொரு பந்தாக வைத்து, அதன் மேல் என் பழைய இருபது கிலோ எடைக்கல்லை ஏற்றி, எவ்வளவு நசுங்குகிறது என்று அளவுகோலால் அளப்பது என்று ஏற்பாடு. உருண்டையின் மேல் இருபது கிலோ நிற்குமா என்று நீ கேட்பாய், உன் அக்காவும் அதையேதான் கேட்டாள், கேட்டுக்கொண்டே பக்கத்தில் வந்து நின்றாள், அதுதான் தப்பு. முதல் பந்து வழுக்கிக்கொண்டு போய்ப் பீரோ கண்ணாடியில் பட்டு, கல் அவள் கட்டைவிரலில் இறங்கிவிட்டது. அவள் போட்ட சத்தத்தில் நான் தாவிப் போக, பலகையோரம் வைத்திருந்த இன்னொரு எடைக்கல்லும் என் கை தட்டிக் கீழே விழுந்தது. கீழ் வீட்டுப் பல் டாக்டர் ஒரு கையில் கொறடோடு மாடிக்கு ஓடி வந்து, "சார், அங்க ஒருத்தர் வாயத் திறந்தபடி நாற்காலியில இருக்கார், நீங்க இடி இடிச்சா என் கை எங்க போகும் தெரியுமா?" என்று குதித்தார். நான் அமைதியாக விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு பந்தை எடுத்து அமுக்கிப் பார்த்தார். "இத இப்படிப் பிடிச்சா நழுவாது" என்றார். அப்புறம் அரை மணி நேரம் அவர் கொறடால் பிடித்துக்கொள்ள நான் கல் ஏற்ற, பன்னிரண்டு பந்தையும் அளந்து முடித்தோம். தூக்கித் தூக்கித் தோள் பிடித்துக்கொண்டது. வாயைத் திறந்தபடி இருந்தவர் பாவம், பணத்தை மேஜை மேல் வைத்துவிட்டு அவராகவே போய்விட்டாராம்.

அளந்ததில் மூன்று பந்து மற்றதைவிட நன்றாக நசுங்கின. அந்த மூன்றையும் வாளித் தண்ணீரில் உப்பைக் கரைத்து மிதக்கவிட்டு, எடை ஒரு பக்கம் சாய்கிறதா என்றும் பார்த்துவிட்டேன். வீட்டில் இருந்த உப்பெல்லாம் அதற்கே சரியாகப் போய்விட்டது, அன்றைக்குச் சாப்பாடு எப்படி இருந்தது என்று கேட்காதே. மூன்றிலும் பச்சைப் புள்ளி வைத்து 'தகுதியானவை' என்று சீட்டெழுதி ஜன்னல் மேடையில் வைத்தேன். மீந்திருந்த உன் பன்னிரண்டாவது பந்தை என்ன செய்தேன் தெரியுமா? தவறான எடைக்கல் பிடித்தால் அதைத் தூக்கிப் போட மாட்டோம், சாட்சியாகப் பூட்டி வைப்போம், அதுதான் எங்கள் வழக்கம். வழியனுப்பு விழாவில் எனக்குக் கொடுத்தார்களே, உள்ளே நீல வெல்வெட் வைத்த மரப்பெட்டி, அதில் பந்தை வைத்துப் பூட்டிவிட்டேன். பேத்திக்குப் போன் போட்டு, 'பதினோரு பேரைத் தண்ணியில தள்ளிட்டு ஒளிஞ்சிருந்த ஒருத்தனைப் பிடிச்சு ஜெயில்ல போட்டிருக்கேன்' என்று சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

சனிக்கிழமை காலை. பந்துப் பையை உன் அக்கா விரல் கட்டோடு நொண்டிக்கொண்டே தூக்கி வந்தாள், வேறு யாரையும் நம்ப மாட்டேன் என்றுவிட்டாள். சாட்சிக்குப் புல் வெட்டுகிறவரை அக்கரையில் நிறுத்தியிருந்தோம். சம்பந்தி முதலில். ஒன்று குளத்தில். இரண்டு குளத்தில். மூன்றாவது அக்கரைக் கல்லில் பட்டு, அப்பாடா தாண்டிவிட்டது என்று அவர் மட்டையைத் தூக்குவதற்குள் திரும்பி வந்து தண்ணீரில் விழுந்தது. எனக்கு உள்ளூர ஒரே கும்மாளம், முகத்தை மட்டும் துக்க வீட்டுக்காரன் மாதிரி வைத்துக்கொண்டேன். என் முறை. முதல் பச்சைப் புள்ளி தரையோடு உருண்டு போய்க் குளித்தது, அது பந்தின் குற்றமில்லை, என் பதற்றம். இரண்டாவது ஒரு முழம் குறைந்துவிட்டது, அது எதிர்க்காற்று. சம்பந்தி தொண்டையைக் கனைத்து, "ஒப்பந்தப்படி ஒண்ணுதான் பாக்கி" என்றார். அந்த நேரத்தில் எனக்கு வேறு ஒன்றும் தெரியவில்லை மாப்ளே, வாசலில் கிடக்கிற அந்தச் சிவப்புச் செருப்புதான் கண்ணில் நின்றது. உன் அக்கா பந்தை என் கையில் வைத்து அழுத்தினாள். "அடிங்க" என்றாள். வாங்கினேன், வைத்தேன், அடித்தேன். என்ன பறப்பு! நடுக்குளத்தில் நிற்கும் என்று பார்த்தால் நிற்கவில்லை, போகிறது, இன்னும் போகிறது, அக்கரையில் புல் மேல் டொக்கென்று இறங்கியது! புல் வெட்டுகிறவர் குனிந்து தொட்டுப் பார்த்து, "காஞ்சுதான் இருக்கு!" என்று கத்தினார். அவர் நிமிர்வதற்குள் ஒரு காக்கா வந்து பந்தைக் கொத்திக்கொண்டு பறந்துவிட்டது. போனால் போகட்டும்! கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம் என்று நினைத்தேன், அது ஒன்றுதான் குறை.

சம்பந்தி பெரிய மனுஷர்தான், கை கொடுத்தார். பிறகு என்னைத் தனியாக மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய், குரலைத் தாழ்த்தி, "சம்பந்தி, அது என்ன பந்து?" என்றார். பாவமாக இருந்தது, ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். நசுங்க வேண்டும், மெத்தென்று இருக்க வேண்டும், சாம்பியன் பந்து நம் மாதிரி ஆட்களுக்கு ஆகாது என்று படம் போட்டுக் காட்டினேன். அவர் அன்றைக்கே கடைக்குப் போய் நாலு டஜன் மெத்துப் பந்து வாங்கிக்கொண்டு, தன்னிடம் இருந்த சாம்பியன் பந்தையெல்லாம் யாருக்கோ கொடுத்துவிட்டாராம். ஆகையால் மாப்ளே, நீயும் நாற்பது தாண்டியாயிற்று, கௌரவம் பார்க்காதே, உன் வீச்சை அளந்து அதற்கேற்ற பந்தை வாங்கு. சோதித்து நிரூபித்தவன் சொல்கிறேன்.

உன் மனைவிக்கு என் விசாரிப்பு. குழந்தைகள் நன்றாகப் படித்து, நன்றாக உறங்கி, நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். உன் வீச்சு மெதுவாக இருந்தாலும் உன் வாழ்க்கை வேகமாக முன்னேறட்டும் என்று மனதார வாழ்த்தும்,

உன் அக்காவின் கணவர்,
எடையளவு ஆய்வாளர் (ஓய்வு).

பின்குறிப்பு: உறையை ஒட்டாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. காலையில் குழந்தை வந்துவிட்டாள். உன் அக்கா மறுபடி வாங்கி வைத்த புதுச் செருப்பு அளவு சரியாக இருக்கிறது. வந்ததும் வராததுமாக, "தாத்தா, ஜெயில்ல இருக்கிறவனக் காட்டுங்க" என்றாள். சமையலறை ஆணியிலிருந்து சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்தேன். வெல்வெட்டில் குழி இருக்கிறது, பந்தைக் காணோம். உன் அக்காவைக் கூப்பிட்டால், ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "அதையா? அன்னைக்குக் கடைசியா உங்க கையில குடுத்தேனே அதுதான்" என்கிறாள்! "நல்ல சாமான் எதுவா இருந்தாலும் வெல்வெட் பெட்டியிலதானே வைப்பீங்க? இருக்கிறதுலயே ஒசந்தது அதுதான்னு நெனச்சேன். ஜன்னல்ல கெடந்ததுல ரெண்ட முன்னாடி குடுத்தேன், மிச்சம் ஒண்ணு பால்கனிக் கதவு இடுக்குல வச்சிருக்கேன், மெத்துனு இருக்கு, கதவு அடிச்சுக்கல" என்கிறாள். ஓடிப்போய்ப் பார்த்தேன். பச்சைப் புள்ளியோடு கதவடியில் உட்கார்ந்திருக்கிறது! ஆக, நான் தகுதி கொடுத்த இரண்டும் மூழ்கிவிட்டன, குற்றவாளி தாண்டிவிட்டான். முப்பத்து மூன்று வருஷத்தில் முத்திரையைத் திருப்பிப் பார்க்காமல் ஒரு கல்லை விட்டதில்லை, அன்றைக்குப் பந்தைத் திருப்பிப் பார்க்காமலே அடித்திருக்கிறேன். ஆகவே மேலே பந்தைப் பற்றி எழுதியதையெல்லாம் அடித்துவிடு, நீ அனுப்பினாயே அதே பந்தில் இன்னொரு டஜன் அனுப்பு. இதில் எனக்கு ஒரே உறுத்தல் சம்பந்தியின் நாலு டஜன்தான். நேர்மையாக இருந்து பழகிய உடம்பு, போனைக் கையில் எடுத்துவிட்டேன். "அந்தத் தாத்தாகிட்ட உண்மையச் சொல்லிடணும்மா, பந்து மாறிடுச்சு, ஒப்பந்தம் செல்லாதுன்னு அவர் திரும்பப் போட்டி வைக்கணும்னு கேப்பாரு, ஒருவேளை நீ அங்க போக வேண்டியிருக்கும்" என்று குழந்தையிடம் சொன்னேன். அவள் செருப்பைக் கழற்றாமலே என் மடியில் ஏறி உட்கார்ந்தாள். பிறகு என் கையிலிருந்த போனை வாங்கி மேஜை மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, "கண்டிப்பா சொல்லணும் தாத்தா. லீவு முடிஞ்சதும் சொல்லிடலாம்" என்றாள்.