ஹயாஷி சேருக்கு அவித்த சோயாக் காய்

“இது இல்லையப்பா,” என்று சொல்லி, குசினி மேசையில் கிடந்த சோயா மீற் பைக்கற்றைத் தர்மசீலன் இரண்டு விரலால் தள்ளிவிட்டார்.

“கடையிலை போய் சோயா எண்டு கேட்டிருக்கிறியள். கடைக்காரன் சோயா தந்திருக்கிறான்,” என்றாள் அவர் மனைவி நிவேதிகா. “அவனிலை என்ன பிழை?”

“இது கறிக்குப் போடுறது. எனக்கு வேண்டியது காய். பச்சைக் காய். தோலோடை, சுணையோடை.”

“சுணை இருக்கிறதை ஆராவது தின்னுவினமோ?”

தர்மசீலன் கைத்தொலைபேசியை நீட்டினார். அதில் ஒரு வெள்ளைக் கோப்பை நிறையப் பச்சைக் காய்கள் ஆவி பறக்க இருந்தன. மேலே உப்புக்கல் மினுங்கியது. நிவேதிகா அதை ஒரு கணம் பார்த்தாள்.

“மாட்டுக்குப் போடுறது மாதிரிக் கிடக்கு,” என்றாள்.

விசயம் இதுதான். திருகோணமலை உள்துறைமுகத்தில் ஒரு பழைய இறங்குதுறையைத் திருத்தும் வேலை நடந்துகொண்டிருந்தது. அதற்கான அலுவலகம் ஓர்ஸ் ஹில்லில், தர்மசீலனின் வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடை. அங்கே அவர்தான் நிர்வாகப் பொறுப்பாளர். இப்போது அந்த அலுவலகத்தைக் கொழும்புக்கு மாற்றலாமா என்று மேலிடத்தில் ஒரு கதை. மாற்றுவதும் விடுவதும் ஜப்பானிலிருந்து வந்திருக்கும் பொறியியலாளர் ஹயாஷி எழுதப்போகும் அறிக்கையில் தங்கியிருந்தது.

தர்மசீலன் முன்பு மூன்று வருடம் கொழும்பில் இருந்தவர். ஜன்னல் இல்லாத ஓர் அறை, கடைச் சோறு, இரண்டு கிழமைக்கு ஒருக்கால் வீட்டுக்கு ஓட்டம். இன்னொரு முறை அது தன்னால் ஏலாது என்று அவருக்குத் திடமாகத் தெரியும். அதனால்தான் ஹயாஷியைச் சனிக்கிழமை பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு அழைத்தார். ஹயாஷி இடுப்பை வளைத்துச் சம்மதம் சொன்னார். நிவேதிகா நண்டுக் கறி, இறால் பொரியல், கத்தரிக்காய்ப் பால்கறி என்று பட்டியல் போட்டு, நண்டுக்காரருக்கும் சொல்லி வைத்துவிட்டாள்.

புதன்கிழமை பின்னேரம் ஹயாஷியின் வாகனச் சாரதி ஜவ்பரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. ஜவ்பர் கிண்ணியாக்காரர், தமிழை ஆங்கில எழுத்தில், புள்ளியும் இல்லாமல் இடைவெளியும் குறைவாகத் தட்டி அனுப்புகிறவர். சனி, பகல் சாப்பாடு, ஹயாஷி சேர் என்பதெல்லாம் தர்மசீலனுக்கு விளங்கியது. கடைசிச் சொல்தான் விளங்கவில்லை. அதை அப்படியே இணையத்தில் போட்டுப் பார்த்தார். எடமாமே. ஜப்பானியர் விரும்பி உண்ணும் பச்சைச் சோயாக் காய் என்று படத்தோடு வந்தது.

“ஹயாஷி சேரே சொன்னவரோ?” என்று கேட்டு எழுதினார்.

“ஓம் சேர் அவர்தான் சொன்னாரு,” என்று பதில் வந்தது.

அந்த நிமிடமே அவர் குசினிக்குள் போய், “நண்டும் வேண்டாம், இறாலும் வேண்டாம். அவருக்கு வேண்டியது இது ஒண்டுதான்,” என்று அறிவித்தார். நிவேதிகாவின் முகம் அந்த நேரம் கறுத்தது கறுத்ததுதான்.

“அப்ப உங்கட கந்தோர்க்காரருக்கு நீங்களே அவியுங்கோ,” என்றாள்.

தர்மசீலனுக்குத் தெரிந்த சமையல் தேநீர் மட்டும். அதற்கும் சீனி எந்தப் போத்தலில் இருக்கிறது என்று கேட்பார்.

வியாழக்கிழமை அவர் திரும்பக் கடைக்குப் போய், காய்ந்த சோயா விதை ஒரு கிலோ வாங்கி ஊறப் போட்டார். ஊறினால் பச்சையாக வரும் என்று ஒரு நம்பிக்கை. மத்தியானம் பார்த்தபோது அது மஞ்சளாகவே இருந்தது. இரண்டு மடங்காக ஊதி, சட்டியை விட்டு வெளியே வந்துகொண்டிருந்தது.

“தோல் எங்கை?” என்று நிவேதிகா எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

“தோல் இல்லை.”

“சுணை?”

அவர் விதையை இரண்டு சட்டியாகப் பிரித்தார்.

பக்கத்து வீட்டு றுஷ்தா மதிலுக்கு மேலால் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். “பச்சைக் கௌபிக் காய் போட்டுப் பாருங்களேன். ரெண்டும் ஒரே சாதிதானே,” என்றாள். தர்மசீலன் சந்தைக்கு ஓடினார். கௌபிக் காய் கயிறு மாதிரி நீளமாக இருந்தது. அளவாக நறுக்கி அவித்தார். அவிந்ததும் சாம்பல் நிறமாகியது. பச்சை நிறம் போகாமலிருக்க அப்பச்சோடா போடலாம் என்று ஏதோ ஒரு காணொளியில் ஒரு பெண் சொன்னாள். எவ்வளவு என்று அவள் சொல்வதற்கு முன் தர்மசீலன் இரண்டு கரண்டி போட்டுவிட்டார். காய் பச்சையாகத்தான் வந்தது, வேலிக்கு அடிக்கிற பெயின்ற் மாதிரி. ஆனால் கரண்டியால் தொட்டதும் கூழாகிவிட்டது.

நிவேதிகா ஜன்னலை மட்டும் திறந்துவிட்டாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால் நல்லாயிருந்திருக்கும் என்று அவருக்குப் பட்டது.

தம்பலகாமத்தில் வயல் செய்யும் பழைய பழக்கக்காரர் முத்தலிப் நானா சோயாவும் பயிரிடுகிறவர் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. உடனே அழைத்தார்.

“போட்டிருக்கம் தம்பி. ஆனா முந்தநாள் ஆனை வந்து உழக்கிட்டுப் போயிட்டு,” என்றார் முத்தலிப் நானா. “ஒரு மூலையில கொஞ்சம் நிக்கிது. ஆனை திரும்ப வாறதுக்குள்ள வந்து புடுங்கிக்கங்க.”

வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் தம்பலகாமம் போனார். யானை உழக்கிய வயலில், சப்பாத்துக்குள் சேறு புக, வெயிலில் நின்று செடி பிடுங்கினார். படத்தில் இருந்த அதே காய். அதே பச்சை. சுணையும் இருந்தது. ஒரு காயைக் கையில் வைத்துப் பார்த்தபோது அவருக்குக் கண் கலங்கியது.

“இதுக்கோ இவ்வளவு பாடு? எங்கட ஆக்கள் இதை முத்தவிட்டு வித்தாத்தான் எடுக்கிற,” என்றார் முத்தலிப் நானா. காயை மட்டும் ஆய்ந்து தர அவருக்கு நேரமில்லை. செடியோடு இரண்டு பெரிய கட்டுக் கட்டி, மோட்டார் சைக்கிளின் பின்னால் வைத்துக் கயிறு போட்டுவிட்டார்.

திருகோணமலைக்குள் ஒரு செடிப்பற்றை ஓடி வருவதுபோலத் தர்மசீலன் வந்து சேர்ந்தார். வீட்டுக்குப் போக முன் உப்புக்கல் வாங்க வேண்டும். கடை வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே போனார். கடைக்காரர் தூள் உப்பை எடுத்து வைத்தார். இல்லை, கல் உப்பு என்றார். கல் உப்பு பின்னால் மூட்டையில் இருந்தது. எல்லாமாக நாலு நிமிடம்.

வெளியே வந்தபோது சைக்கிளைச் சுற்றி ஆறு மான்கள் நின்றன. ஊர் மான்கள், மனிதரைக் கண்டு ஓடுகிற பழக்கம் அவற்றுக்கு எப்போதோ விட்டுப்போயிற்று. ஒரு கலைமான் கொம்பில் கயிறு சுற்றியபடி நிதானமாக மென்றுகொண்டிருந்தது.

“சூ, போ,” என்றார் தர்மசீலன். அது அவரைப் பார்த்தபடி இன்னொரு காயை இழுத்தது.

“சாப்பிடட்டும் சேர், பாவம்,” என்று கடைக்காரர் வாசலில் வந்து நின்று சொன்னார். “இண்டைக்கு நல்ல சாப்பாடு அதுகளுக்கு.”

வீடு வந்து எண்ணினார். நாற்பத்தேழு காய் மிஞ்சியிருந்தது.

சனிக்கிழமை காலை அந்த நாற்பத்தேழு காயையும் கழுவி, கந்தோர்க் கத்தரிக்கோலால் இரண்டு முனையையும் வெட்டினார். அப்போதுதான் உள்ளே உப்பு இறங்குமாம். பிறகு உப்புப் போட்டுத் தேய்த்துச் சுணை எடுத்தார். தண்ணீர் கொதித்தது. எவ்வளவு உப்பு என்று நிவேதிகாவிடம் கேட்க மனம் வரவில்லை. ஒரு சிரட்டை போட்டார். நாலு நிமிடம் அவித்து, வடித்து, கடதாசியால் விசிறி ஆறவைத்தார். ஒரு காயை எடுத்து அப்படியே வாயில் போட்டார்.

தோல் சாப்பிடுகிறதில்லை என்பதை அவர் வாசிக்கவில்லை. தொண்டையில் நார் சிக்கியது. உப்பு மூளைவரைக்கும் போனது. இருமிக்கொண்டு நின்றவரின் முதுகில் நிவேதிகா தட்டிவிட்டு, வடித்த தண்ணீரை விரலால் தொட்டு நக்கிப் பார்த்தாள்.

“கடலை அவிச்சு வைச்சிருக்கிறியள்,” என்றாள். “கடலை எண்டா கொட்டை இல்லை. அந்தா தெரியிற துறைமுகத்துக் கடலை.”

உப்பை எடுக்கப் புதுத் தண்ணீரில் இன்னொரு தடவை அவித்தார். உப்புப் போயிற்று. அதோடு நிறமும் ருசியும் போயின. காய்கள் துவண்டு, மழையில் கிடந்த செருப்பு வார் போல ஆகின. மணி பன்னிரண்டரை. வாசலில் வாகனச் சத்தம் கேட்டது.

தர்மசீலன் குசினிக் கதிரையில் அப்படியே இருந்துவிட்டார். “முடிஞ்சுது,” என்றார். “நான் கொழும்புக்குப் போறன். அந்த ஜன்னல் இல்லாத அறை இன்னும் இருக்கோ தெரியாது.”

நிவேதிகா அவரைப் பார்த்தாள். மூன்று நாள் கோபம் அவள் முகத்தில் இருந்தது. அதன் கீழே வேறொன்றும் இருந்தது. அந்த மூன்று வருடமும் தனியே வீடு பார்த்தவள் அவள்தான்.

“எழும்பி அங்காலை நில்லுங்கோ,” என்றாள். தாச்சியில் எண்ணெய் விட்டு, கடுகு, செத்தல் மிளகாய், கறிவேப்பிலை, வெங்காயம் போட்டுத் தாளித்தாள். நாற்பத்தாறு காயையும் அதில் கொட்டிப் பிரட்டி, தேங்காய்ப்பூத் தூவி இறக்கினாள்.

“இது ஜப்பான் இல்லை,” என்றார் தர்மசீலன் பலவீனமாக.

“அவியல் மட்டும் ஜப்பானோ? போய் ஆளைக் கூப்பிடுங்கோ.”

ஹயாஷி சப்பாத்தைக் கழற்றி, ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டு வந்து அமர்ந்தார். ஜவ்பரையும் பக்கத்தில் இருத்தினார்கள். தர்மசீலன் கோப்பையைக் கொண்டுவந்து நடு மேசையில் வைத்தார். ஹயாஷி குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். ஒரு காயை எடுத்து, பல்லால் விதையை இழுத்துத் தின்றார். கறிவேப்பிலை உதட்டில் ஒட்டியது.

“எடமாமே?” என்று மெல்லக் கேட்டார்.

“எஸ் சேர்,” என்றார் தர்மசீலன். “உங்களுக்காகத்தான்.”

ஹயாஷி உதட்டில் ஒட்டிய கறிவேப்பிலையை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். பிறகு தெரிந்த ஆங்கிலத்தில், எங்கள் ஊரில் இதைப் பியர் குடிக்கும்போது கொறிப்பார்கள், பகல் சாப்பாடாக இன்றுதான் காண்கிறேன் என்றார். சொல்லிவிட்டு மரியாதையாக இன்னும் மூன்று காய் தின்றார். நான்காவதை எடுக்கையில் அவர் மூக்கு குசினிப் பக்கம் திரும்பியது.

நிவேதிகா நண்டுக் கறியோடு வந்தாள். பின்னால் சோறு, இறால், கத்தரிக்காய்ப் பால்கறி. நண்டுக்காரருக்கு வேண்டாமென்று அவள் சொல்லவேயில்லை; எல்லாம் றுஷ்தா வீட்டு அடுப்பில் ஆக்கி மதிலுக்கு மேலால் வந்திருந்தது. தர்மசீலன் வாயைத் திறந்தார். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

அடுத்த முக்கால் மணி நேரம் ஹயாஷி தட்டை விட்டு நிமிரவில்லை. கரண்டியை ஒதுக்கிவிட்டுக் கையால் நண்டை உடைத்தார். உறைப்பில் கண்ணீர் வழிய வழியத் திரும்பவும் சோறு கேட்டார். கடைசியில் கை கழுவ எழும்பும்போது, அலுவலகம் இங்கேயே இருப்பதுதான் வேலைக்கு நல்லது என்று எழுதப்போகிறேன், அடுத்த மாதமும் நான் வந்தால் நண்டு கிடைக்குமா என்று நிவேதிகாவைப் பார்த்துக் கேட்டார். கிடைக்கும் என்று அவள் தலையாட்டி, கை கழுவும் இடத்தைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனாள்.

தர்மசீலனுக்கு நிம்மதி வந்தது. நிம்மதியின் பின்னால் மூன்று நாள் எரிச்சலும் சேர்ந்து வந்தது. ஜவ்பர் கோப்பையில் மிஞ்சிய சோயாக் காயை ஒவ்வொன்றாகச் சப்பிக்கொண்டிருந்தார்.

“ஜவ்பர்,” என்றார் தர்மசீலன் தணிந்த குரலில். “ஆனை உழக்கின வயலுக்குள்ளை நிண்டனான். மானோடை சண்டை பிடிச்சனான். மனுசி மூண்டு நாளாக் கதைக்கேல்லை. ஹயாஷி சேர் கேளாத சாப்பாட்டைக் கேட்டவரெண்டு ஏன் எனக்கு எழுதினீங்கள்?”

ஜவ்பர் விரலை நக்கிவிட்டுத் தொலைபேசியை எடுத்து, தான் அனுப்பியதைக் கண்டுபிடித்து, விளங்காமல் நிமிர்ந்து பார்த்தார்.

“நான் எங்க சேர் சாப்பாடு கேட்ட? சனி பகல் ஹயாஷி சேருக்குச் சாப்பாடு உங்கட எடமாமே எண்டுதானே கேட்டன், வீட்டுக்கு எந்த ரோட்டால வாற எண்டு தெரிஞ்சிக்க.”