என் தோளும் ஆடிட்டரின் பையும்

கழுத்து வலிக்காரனுக்கு ஒரு வசதி உண்டு. தலைக்கு மேல் என்ன நடந்தாலும் அவனுக்குத் தெரியாது. இதை நான் ஓசூரில், வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில், ஷிப்டே வேடிக்கை பார்க்க நிரூபித்திருக்கிறேன்.

அப்போது நான் தரப் பரிசோதனைப் பிரிவில் பயிற்சியாளன். குனிந்தபடி அளவு பார்க்கிற வேலை. பாரூர் வயலில் என் அப்பா காலமெல்லாம் குனிந்தும் நிமிர்ந்துதான் நடந்தார். நான் ஆறே மாதத்தில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே, கொக்கியாக வளைந்துவிட்டேன். பிசியோதெரபி அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "அரை மணிக்கு ஒருவாட்டி எந்திரிச்சு நில்லுங்க. கைய மேல தூக்கி, சின்னச் சின்னதா இருபது சுத்து. விடக்கூடாது." நான் விடவில்லை. (சொல்பேச்சு கேட்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. கெட்டதே அதனால்தான்.)

வேலை நிரந்தரமாக வேண்டிய வாரத்தில் பெங்களூரிலிருந்து ஒரு ஆடிட்டர் வந்தார். அவர் முன்னால் ஒழுங்காக நின்றால் போதும், நிரந்தர ஆர்டர் உன் கையில் என்றார் மேனேஜர். பார்க்க எடுப்பாக இருக்கட்டும் என்று எனக்கும் ஒரு ஆரஞ்சு கோட்டு மாட்டிவிட்டார்கள். கிரேனுக்குச் சைகை காட்டுபவர் போடுவதும் அதே ஆரஞ்சுதான் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

ஒரு பெரிய இரும்பு அச்சைக் கிரேனில் மாட்டித் தயாராக வைத்திருந்தார்கள். ஆடிட்டர் தன் பையை அதன்மேல் வைத்துவிட்டு ரிஜிஸ்டர் பார்க்கப் போனார். அரை மணி ஆயிற்று. நான் கண்ணை மூடிக் கையைத் தூக்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று இருபது வரை சுற்றினேன். தோள் லேசானது போலக்கூட இருந்தது.

ஆடிட்டர் திரும்பி வந்து, "நன்ன பேக் எல்லி?" என்றார்.

பை எங்கே என்கிறார். நான் மேஜைக்கடியில் குனிந்து தேடினேன். "கீழ இல்லைங்க சார்" என்றேன். எழுந்தால், எல்லோரும் அண்ணாந்து நிற்கிறார்கள். கழுத்து வராததால் இடுப்போடு பின்னால் சாய்ந்து பார்த்தேன். இரண்டு ஆள் உயரத்தில் அச்சு. அதன்மேல் பை, காதைத் தொங்கவிட்டுக்கொண்டு.

இறக்கச் சொல்லி இரண்டு கையையும் வீசினேன். கிரேன் பாஷையில் அதற்கு 'ஆபத்து, எல்லாவற்றையும் நிறுத்து' என்று பொருளாம். மேலே கேபினில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த முனிராஜ் அண்ணன் மெயினையே அணைத்துவிட்டார். மறுபடி போடச் சாவி எலக்ட்ரீசியனிடம், எலக்ட்ரீசியன் டீக்கடையில்.

முனிராஜ் அண்ணன் எட்டிப் பார்த்தார். வேப்பனப்பள்ளிக்காரர், பொறுமைசாலி.

"நீங்கதான சார் ஏத்து ஏத்துன்னு சுத்துனீங்க?"

"அது கழுத்து வலிக்குண்ணா."

"அப்ப கையக் கீழ தொங்கவிட்டுத் தோளை மட்டும் சுத்துங்க சாமி. நானும் பொழச்சுக்குவேன்."

எலக்ட்ரீசியன் டீ குடித்துவிட்டு வந்த பிறகு பை முழுசாக இறங்கியது. ஆடிட்டர் சிரிக்கவில்லை, கோட்டின் நிறத்தை மாற்றச் சொல்லி எழுதிவிட்டுப் போனார். என் நிரந்தரம் மூன்று மாதம் தள்ளிப்போனது. வெட்கத்தில் அன்று சோறு இறங்கவில்லை. அந்த மூன்று மாதமும், தண்டனையாக, முனிராஜ் அண்ணனுக்கே சைகை காட்டும் வேலை. நாள் முழுக்க நடை, அண்ணாந்த பார்வை, நடுநடுவே அவர் சொன்ன தோள் சுற்று. இரண்டாவது வாரமே கழுத்து வலி போன இடம் தெரியவில்லை.

வேலை நிரந்தரமாகி வருடங்கள் ஆகிவிட்டன. இன்றும் பஸ்ஸோ கல்யாண வீடோ, நான் கையைத் தூக்கிச் சோம்பல் முறித்தால் போதும், என் மனைவி பக்கத்தில் இருப்பவர்களிடம் மெதுவாகச் சொல்வாள்.

"உங்க பையை எடுத்து மடியில வச்சுக்குங்க."