மாமியார் வீட்டுக்கு மேம்பால ரயில்

இந்தப் பத்து நாள் லீவில் ஒரு லட்சம் பேரின் கஷ்டத்தைத் தீர்த்தே தீருவது என்று முடிவு செய்தேன்.

பெருமைக்குச் சொல்லவில்லை. அந்த லட்சம் பேரும் என்னை நம்பித்தான் இருந்தார்கள். நான்தான் அந்த நகரத்தின் மேயர். ரோடு போட்டவன் நான். தண்ணீர் விட்டவன் நான். குப்பை அள்ள வைத்தவனும் நான். எந்த நகரம் என்று தேடாதீர்கள், என் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. நகரம் கட்டும் விளையாட்டு. வீட்டில் சோபாவை ஓரடி நகர்த்த வேண்டுமென்றாலும் எனக்கு மேலிடத்து அனுமதி வேண்டும். அங்கே ஒரு தெருவையே நகர்த்துவேன். ஏன் என்று கேட்க ஒரு நாதி கிடையாது.

பிழைப்புக்கு நான் லிஃப்ட் மெக்கானிக். ஏற்றமும் இறக்கமும் எனக்குப் பழக்கம். மனைவிக்கு ஒரு கம்பெனியில் புகார் பிரிவில் வேலை. பகலெல்லாம் அங்கே வாங்குவாள். சாயங்காலம் வந்து இங்கே கொடுப்பாள்.

லீவு சங்கதி எப்படியோ அவள் காதுக்குப் போய்விட்டது.

“என்னங்க, பத்து நாள் லீவு போட்டிருக்கீங்களாமே?”

“யார் சொன்னா?”

“நீங்க சொல்லல. அப்ப வேற யாராவதுதானே சொல்லியிருக்கணும்? எனக்கும் லீவு இருக்கு. அம்மா வீட்டுக்குப் போயிட்டு வரலாம்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் மாமியார் தங்கமானவர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மெக்கானிக் மாப்பிள்ளை வருகிறான் என்று தெரிந்தால், வீட்டில் ஸ்க்ரூ உள்ள அத்தனை பொருளையும் ஹாலில் வரிசையாக வைத்துவிடுவார். போன தடவை ஃபேன், மிக்சி, அயர்ன் பாக்ஸ் எல்லாம் முடித்து, எதிர்வீட்டு மோட்டார் வரைக்கும் கழற்றி மாட்டிவிட்டு வந்தேன். அப்புறம் என் நகரம்? அதைப் பெட்டியில் மடித்து வைத்து எடுத்துப் போக முடியுமா?

“போகலாம்தான். ஆனா ரயில்ல இடமே இல்லியே!”

“பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

பார்த்தது உண்மை. ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன்.

“ஓ” என்றாள். புகார் பிரிவில் இப்படி ஒரு ‘ஓ’ உண்டு. கேட்டுக்கொண்டேன், குறித்துக்கொண்டேன், உன்னை அப்புறம் கவனிக்கிறேன் என்று அர்த்தம். நான் அதை வெறும் ஓ என்று எடுத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

லீவின் முதல் நாள் காலையிலேயே மேயர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஊரில் ஒரு வண்டி நகரவில்லை. பெரிய ரோட்டில் தீயணைப்பு வண்டிக்குப் பின்னால் குப்பை லாரி. குப்பை லாரிக்குப் பின்னால் ஆம்புலன்ஸ். ஆம்புலன்ஸுக்குப் பின்னால், எதற்கும் இருக்கட்டும் என்று, அமரர் ஊர்தி.

ரோட்டை அகலப்படுத்திப் பிரயோஜனமில்லை. அகலப்படுத்தினால் அதற்கும் சேர்த்து வண்டிகள் வந்துவிடும். கீழே வழியில்லை என்றால் மேலே போக வேண்டியதுதான். இதை ஒரு லிஃப்ட்காரனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். ரோட்டின் நடுவே வரிசையாகத் தூண். தூணுக்கு மேலே தண்டவாளம். கீழே ஹாரன் அடித்துச் சாகிறவர்களின் தலைக்கு மேலே ரயில் ஜம்மென்று போகும்!

பாதி தூரம் போட்டிருப்பேன். முதுகுக்குப் பின்னால் டீ வாசனை வந்தது. கூடவே மனைவியும் வந்தாள்.

“இது என்னங்க, இந்தக் கட்டடத்து மேல என்னமோ எழுதியிருக்கு? மா... மி... மாமியார் வீடா!”

கயிறு அறுந்த லிஃப்ட் மாதிரி என் நெஞ்சு நேராகக் கீழ்த்தளத்துக்குப் போனது.

ஒரு விஷயத்தை உங்களிடம் மட்டும் சொல்கிறேன், வெளியே விடாதீர்கள். அந்த விளையாட்டில் எந்தக் கட்டடத்துக்கும் நாம் விரும்பிய பெயரை வைக்கலாம். ஊரில் திருட்டு அதிகமானபோது ஒரு ஜெயில் கட்டினேன். ஜெயிலுக்கு நம் ஜனங்கள் ஆசையாக வைத்திருக்கும் பெயர் என்ன? அதையே வைத்தேன். வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தேன். மூன்று மாதம் ஆயிற்று, சிரித்ததும் மறந்துவிட்டது, பெயரும் மறந்துவிட்டது. பெயர் மட்டும் அங்கேயே கொட்டை எழுத்தில் நின்றுகொண்டிருக்கிறது.

“எங்க அம்மா வீடா இது?” என்றாள்.

ஆச்சரியம், முகத்தில் கோபம் இல்லை. பூரிப்பு! தப்பித்துக்கொள் என்று கடவுளே கதவைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது. உள்ளே பாய்ந்தேன்.

“பின்ன? எனக்கு எத்தனை மாமியார் இருக்காங்க?”

“இவ்ளோ பெருசாவா கட்டியிருக்கீங்க?”

“உங்க அம்மா மனசு பெருசும்மா.”

“சுத்தி ஏன் இவ்ளோ உயரமா மதில்?”

“திருட்டுப் பயம்.”

“ஜன்னலெல்லாம் துளியூண்டா இருக்கு?”

“வெயில் அவங்களுக்கு ஒத்துக்காது இல்ல?”

“வாசல்ல ஒருத்தன் துப்பாக்கியோட நிக்கிறான்?”

“வாட்ச்மேன். வயசானவங்க, தனியா இருக்காங்க. நாமதான பாத்துக்கணும்?”

அவள் கண் கலங்கியதைப் போல இருந்தது. டீயை என் கையில் கொடுத்து, தோளில் லேசாகத் தட்டினாள். நான் நெற்றியைத் துடைத்துக்கொண்டேன். பிழைத்தேன்!

“நல்ல மனசுங்க உங்களுக்கு. ஆனா உங்க ரயில் அங்க போகலியே? இந்தப் பக்கமா திரும்பிடுதே?”

“அது ஊருக்கு ஒதுக்குப்புறம்மா...”

“எங்க அம்மாவை ஏன் ஒதுக்குப்புறத்துல வெச்சீங்க?”

“அமைதியான இடம்.”

“ரயில்ல இடமில்லன்னீங்க நேத்து. இங்க நீங்கதான மேயர்? இங்கயாவது எங்க அம்மா வீட்டுக்கு ரயில் விடுங்க.”

நாற்காலி ஒன்றை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மேலிடம் நேரடியாக ஆட்சிக்கு வந்துவிட்டது.

ஜெயில் ரோடு சந்து மாதிரி இருக்கும். கைதிகளுக்கு எதற்கு ராஜபாட்டை என்று நான் அப்படித்தான் போட்டிருந்தேன். தூணை வைக்கப் போனால் சிவப்பு எழுத்தில் ‘தூண் நிற்க இடமில்லை’ என்று வருகிறது. கொஞ்சம் தள்ளி வைத்தால் ‘வளைவு அதிகம்’. உயர்த்தினால் ‘ஏற்றம் அதிகம்’. தாழ்த்தினால் தண்டவாளம் ஒரு பள்ளிக்கூடத்து இரண்டாவது மாடிக்குள் புகுந்து வெளியே வருகிறது.

“அந்தப் பார்க்கை எடுத்துட்டா நேராப் போகும்” என்றாள் மனைவி.

“எந்தப் பார்க்?”

“நடுவுல ஒரு ஆள் கையை நீட்டிக்கிட்டு நிக்கிறாரே, அது.”

“அது என் சிலைம்மா! ஊர் மக்கள் வெச்சது!”

“வழியை மறிச்சுக்கிட்டு நிக்கிறதுல அப்படியே உங்களை மாதிரியே இருக்கு. எடுங்க.”

எடுத்தேன். என் கையாலேயே என் சிலை மேல் புல்டோசரை விட்டேன். ஓரத்தில் ஜனங்களின் புகார்கள் வந்து விழுந்தன. பார்க் எங்கே, சத்தம் தாங்கவில்லை, மேயர் ஒழிக.

“இவங்களுக்கெல்லாம் யாரு பதில் சொல்றது?” என்று தொழில் அக்கறையோடு கேட்டாள்.

“யாரும் சொல்ல வேண்டாம். அது சும்மா விளையாட்டு.”

“அதான பாத்தேன். வீட்லயும் நீங்க அப்படித்தான.”

இந்த நேரம் பார்த்தா மாடி வீட்டு வார்டர் சார் வர வேண்டும்! ஜெயில் வார்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்க்ரூ டிரைவர் கேட்டு வந்தார். மனைவி எழுந்து அடுப்படிக்குப் போனாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“அட! இது நம்ம இடமாச்சே!”

அவர் காலை மிதித்தேன்.

“ஏன் சார் காலை மிதிக்கிறீங்க? நாலு மூலையிலயும் டவர், நடுவுல பிளாக்கு, பின்னால...”

இன்னொரு காலையும் மிதித்தேன்.

“எந்த இடம் சார்?” என்றாள் மனைவி உள்ளேயிருந்து. “எங்க அம்மா வீடு சார் அது. இவர் ஆசையா கட்டியிருக்காரு.”

வார்டர் சார் திரையைப் பார்த்தார். கட்டடத்தின் பெயரைப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். புதிதாக உள்ளே வந்தவனை அந்தக் காலத்தில் இப்படித்தான் பார்த்திருப்பார். நான் இரண்டு கையையும் கூப்பினேன்.

“அப்படியாம்மா?” என்றார் சத்தமாக. “நல்ல பந்தோபஸ்தான வீடு. உள்ள போனவங்களை லேசுல விட மாட்டாங்க.”

“ஆமா சார், எங்க அம்மா அப்படித்தான். இன்னும் ரெண்டு நாள் இருன்னுதான் சொல்லுவாங்க.”

“நேரத்துக்குச் சாப்பாடு இருக்கும்.”

“மணி அடிச்ச மாதிரி சார்!”

“மணி அடிச்சுத்தாம்மா” என்று சொல்லிவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் இருமிக்கொண்டே மாடி ஏறினார். ஸ்க்ரூ டிரைவரை மறந்துவிட்டார். என் மூச்சு எனக்குத் திரும்பி வந்தது.

சாயங்காலத்துக்குள் ரயில் ஓடியது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஊரில் நெரிசலே காணோம்! தீயணைப்பு வண்டி பறந்தது. ஆம்புலன்ஸ் நேரத்துக்குப் போனது. அமரர் ஊர்திக்கு வேலையே இல்லாமல் போயிற்று. ரயில் ரோட்டுக்கு மேலே தூண் தூணாகத் தாண்டிப் போய், முன்பு என் சிலை இருந்த இடத்தில் மிதந்து, மாமியார் வீடு ஸ்டேஷனில் அலுங்காமல் நின்றது. எனக்கே மெய் சிலிர்த்தது.

“அம்மாவுக்குக் காட்டணும்” என்றாள் மனைவி. நான் வேண்டாம் என்பதற்குள் வீடியோ காலில் மாமியார் வந்துவிட்டார். ஃபோனைத் திரைக்கு நேராகப் பிடித்தாள்.

“மாப்பிள்ளை! எனக்கா இவ்ளோ பெரிய வீடு? ரூம் ரூமா இருக்கே! யாரு இதைப் பெருக்கறது?”

“உள்ள இருக்கறவங்களே பெருக்கிடுவாங்க அத்தை” என்று வாய் தவறிச் சொல்லி நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

நல்லவேளை, அவர் கவனிக்கவில்லை. “ரயிலெல்லாம் விட்டு வெச்சிருக்கீங்க. நேர்லதான் வர மாட்டேங்கறீங்க” என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

எனக்குச் சுருக்கென்றது. பாவம், அந்த அம்மாளை ஜெயிலில் வைத்துவிட்டு, அதைக் காட்டி நல்ல பெயரும் வாங்கிக்கொண்டிருக்கிறேன். மாட்டிக்கொள்ளாமல் தப்பித்த சந்தோஷம் ஒரு பக்கம், குற்ற உணர்ச்சி ஒரு பக்கம். இரண்டும் சேர்ந்து என் வாயைத் திறந்தன.

“கண்டிப்பா வரோம் அத்தை!”

“எப்ப மாப்பிள்ளை?”

“நாளைக்குக் காலைல ரயில்ம்மா” என்றாள் மனைவி. “டிக்கெட் போட்டாச்சு.”

“வாங்க, வாங்க. வாஷிங் மெஷின் வேற ஒரு மாதிரி சத்தம் போடுது” என்று சொல்லி மாமியார் ஃபோனை வைத்தார்.

நான் மனைவியைப் பார்த்தேன். “ரயில்ல இடமே இல்லன்னு...”

“நீங்க ஜன்னல் வழியா பாத்தீங்க. நான் டிக்கெட் எடுக்கற இடத்துல பாத்தேன். நேத்தே போட்டுட்டேன்.”

சண்டை போடலாம்தான். போடவில்லை. லீவு போனால் போகட்டும், மானம் மிஞ்சியதே! அந்தப் பெயரின் அர்த்தம் அவளுக்குத் தெரிந்திருந்தால் இந்த வீட்டில் நான் எந்த முகத்தோடு நடமாடுவது? ஊரை நிறுத்தி வைத்துவிட்டு, சீட்டி அடித்துக்கொண்டே துணிகளை அடுக்கினேன். டூல்ஸ் பையையும் மறக்காமல் எடுத்துவைத்தேன்.

மறுநாள் காலை கிளம்பினோம். ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் நான் பார்க்கிறேன், எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. இரண்டு பெட்டியையும் தூக்கிக்கொண்டு படியிறங்கினேன். மேலேயிருந்து வார்டர் சார் எட்டிப் பார்த்தார்.

“எங்க கிளம்பிட்டீங்க?”

“மாமியார் வீட்டுக்கு சார்” என்றாள் மனைவி. “இவருக்கு இன்னும் ஒன்பது நாள்.”

“அடடா. ஜாமீன் ஏதாவது?”

“கிடையாது சார்.”

இருவரும் சிரித்தார்கள். நான் ஒரு கால் படியிலும் ஒரு கால் அந்தரத்திலுமாக நின்றுவிட்டேன்.

“உனக்கு... தெரியுமா?”

“மூணு மாசமாத் தெரியும். அன்னிக்குத் தனியா உக்காந்து அப்படிச் சிரிச்சீங்களே, நீங்க குளிக்கப் போனதும் என்னன்னு பாத்தேன். உங்க வண்டவாளத்தை ஒரு நாள் தண்டவாளத்துல ஏத்தணும்னு இருந்தேன். தண்டவாளத்தையும் நீங்களே போட்டுக் குடுத்துட்டீங்க!”

“கோவமா?”

“எதுக்கு? நானும் சிரிச்சேன். ஜெயிலுக்கு வேற என்ன பேர் வெப்பாங்க?”

அப்பாடா! நெஞ்சில் இருந்த தூண் ஒன்று சரிந்து விழுந்தது. இனி மறைக்க ஒன்றுமில்லை என்று நினைத்ததும் பெட்டிகளின் கனம்கூடத் தெரியவில்லை. நாலு படி இறங்கியபின்தான் அந்தச் சந்தேகம் வந்தது.

“அத்தைக்கு அர்த்தம் தெரியாதுல்ல?”

“தெரியாது.”

“நீ சொல்லிட மாட்டியே?”

அவள் தன் கைப்பையையும் என் தோளில் மாட்டிவிட்டாள்.

“அதெல்லாம் உங்க நன்னடத்தையைப் பொறுத்துங்க.”