அடுப்பில் ஒட்டிய எச்சரிக்கை

இனிமேல் அந்த சதீஸ்குமாரின் கால் தன் வீட்டுக் குசினியில் படவே கூடாது என்று சுந்தரலிங்கம் முடிவு கட்டிவிட்டார்.

சதீஸ்குமார் குண்டசாலையில் கேஸ் கடை வைத்திருப்பவன். சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு படியேறி வருவான். ரெகுலேட்டரைப் பூட்டுவான். சவர்க்கார நுரை தடவி, குமிழி வருகிறதா என்று குனிந்து பார்ப்பான். "லீக் ஒண்ணும் இல்லக்கா" என்பான். அவ்வளவுதான் அவன் செய்யும் சாதனை. அதற்கு ஞானேஸ்வரி பிளேன்டீ ஊற்றி, கூடவே கித்துள் கருப்பட்டித் துண்டு ஒன்றும் வைப்பாள். கட்டின புருஷன் கை நீட்டினால், "உங்களுக்குச் சீனி வருத்தம்" என்று கருப்பட்டிப் போத்தலை மூடிவிடுவாள். "தம்பி பூட்டினா அடுப்பு என்னமா நீலமா எரியுது பாருங்க" என்று பாராட்டு வேறு. சுந்தரலிங்கத்துக்கு வயிறு எரியும், அதற்குச் சிலிண்டரே தேவையில்லை. இதில் இன்னொரு அநியாயமும் உண்டு. அவளை அக்கா என்கிறவன், இவரை ஐயா என்கிறான்.

மாநகரசபைக் கந்தோரில் அவருக்குக் கிளார்க் வேலை. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு போனைத் தடவிக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் செய்தி கண்ணில் பட்டது. கேஸ் அடுப்பிலிருந்து வரும் வாயு நுரையீரலுக்குக் கெடுதியாம். மூடின அறையில் இன்னும் மோசமாம். சிகரெட் பெட்டியில் போடுகிற மாதிரி அடுப்பிலும் எச்சரிக்கை ஒட்டவேண்டும் என்று வெளிநாட்டில் டொக்டர்மார் கேட்கிறார்களாம். சுந்தரலிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஞானேஸ்வரி பயந்துபோய்க் கரண்ட் அடுப்புக்கு மாறிவிட்டால், அப்புறம் அந்தப் பயலுக்கு இந்த வீட்டில் என்ன வேலை?

கந்தோர் பிரின்டரிலேயே காரியத்தை முடித்தார். சிவப்பு எழுத்து, கறுத்துப்போன நுரையீரல் படம். "எச்சரிக்கை. இவ்வடுப்பின் வாயு சுவாசத்துக்குக் கேடு. ஜன்னலைத் திறந்து வைக்கவும். இழுப்பு நோயாளர் அருகில் நிற்கலாகாது. தகுதியானவரைக் கொண்டு வாரந்தோறும் பரிசோதிக்கவும்." கடைசி வரியில் ஓர் அரசாங்கத் தோரணை வந்துவிட்டதில் அவருக்கே பெருமை. அன்றைக்குச் சாயந்தரமே அடுப்பின் நெற்றியில் ஒட்டினார்.

ஞானேஸ்வரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாக வாசித்தாள்.

"யாருங்க இத ஒட்டினது?"

"நான்தான். அந்தப் புகை ஆகாதாம் ஞானம்."

"கேஸ் அடுப்புல ஏதுங்க புகை?"

"கண்ணுக்குத் தெரியாது. அதான் ஆபத்தே. பேசாம கரண்ட் அடுப்பு வாங்கிருவோம்."

"கரண்ட் போற அன்னிக்கு என்னத்தத் திங்கிறது?"

"உசிரு முக்கியமில்லயா?"

"முக்கியந்தான்." அவள் அவரை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தாள். வாயோரம் லேசாகத் துடித்தது. "இதுல போட்டிருக்கபடி செஞ்சிட்டா போச்சு."

போனை எடுத்தாள்.

"சதீஸ் தம்பியா? குசினி ஜன்னல் பெயின்ட் ஒட்டி இறுகிப் போச்சு. வந்து திறந்து குடுக்கணும். அடுப்பையும் இனி வாராவாரம் பாக்கணுமாம். சனிக்கிழமை வர்றியா? ஐயோ, நான் கேக்கல தம்பி, ஐயாவே அச்சடிச்சு ஒட்டியிருக்காரு."

சுந்தரலிங்கம் போனுக்குக் கை நீட்டினார். "அவன் எதுக்கு? நானே பாத்துக்கிறேன்."

"தகுதியானவர்னு போட்டிருக்கே. அதோட மழை பேஞ்சா யாருக்கு இழுக்குது? எனக்கா? நீங்க அடுப்புக் கிட்டயே வரக்கூடாது."

சனிக்கிழமை சதீஸ்குமார் வந்தான். சுந்தரலிங்கம் முற்றத்துக்கு அனுப்பப்பட்டார். உள்ளே நாலு தட்டு தட்டினதும் ஜன்னல் படாரென்று திறந்தது. அடுப்பின் மேல் இரண்டு தலைகள் குனிந்திருந்தன. ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். சொந்த வீட்டுக்கே வெளியாளாகி நிற்கிறோமே என்று அவருக்கு ஆற்றாமையாக இருந்தது. மெல்லப் படியில் கால் வைத்தார்.

"அங்கயே இருங்க ஐயா, உங்க நல்லதுக்குத்தான்" என்றான் சதீஸ்குமார், உள்ளே இருந்தபடி.

ஞானேஸ்வரி ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். "சும்மாதானே நிக்கிறீங்க. பேக்கரிக்குப் போயி சூடா ரெண்டு ரோல்ஸ் வாங்கிட்டு வாங்க."

ரெண்டு என்றதும் சுந்தரலிங்கத்தின் மனசு கொஞ்சம் இளகியது. "உனக்கொண்ணு, எனக்கொண்ணா?"

"எனக்கொண்ணு, தம்பிக்கொண்ணு. எண்ணெயில பொரிச்சது உங்களுக்கு ஆகாது. அதையும் லேபல்ல ஒரு வரி சேத்துருங்க."