முன்பலகைக்கு வந்த போணி

என் பாத்திரக் கடையின் முன்பலகையில் ஊறுகாய் ஜாடி ஏறாது. ஏறினால் நான் செல்லையா இல்லை.

இந்தச் சபதத்தை, ரங்கூனின் தாமுவே சந்தை முழுக்கக் கேட்கும்படி, டீக்கடை ஜாபர் முன்னிலையில் போட்டேன்.

விஷயம் இதுதான். என் மனைவி பவானி மாங்காய் ஊறுகாய் போடுவாள். பர்மியர்கள்கூட அதைத் தொட்டு நக்கிவிட்டு, கண்ணில் தண்ணீர் வழிய வழிய, இன்னும் கொஞ்சம் என்று கையை நீட்டுவார்கள். அந்தச் சமயம் எங்கள் பேட்டையில் அரசாங்கம் சிறுதொழில் உதவி நிலையம் ஒன்றைத் திறந்தது. சின்னதாகத் தொழில் செய்கிறவர்களுக்குப் பயிற்சி, பாக்கெட் ஒட்டும் மெஷின், பெயர்ப்பலகை, எல்லாம் இலவசம். நிபந்தனை ஒன்றே ஒன்று. தெருவைப் பார்த்தபடி சொந்த இடம் வேண்டும். பவானியின் கண் என் கடை வாசலில் நீட்டிக்கொண்டிருக்கும் பலகை மேடைமேல் விழுந்தது.

"ஏங்க, முன்பலகையை எனக்கு விட்டுக்குடுங்களேன்."

"ஊறுகாய் பக்கத்துல வந்தா எவர்சில்வர் துருப்பிடிச்சிரும்!"

"துருவே பிடிக்காதுன்னு சத்தியம் பண்ணித்தானே விக்கிறீங்க?"

"அது வாங்க வர்றவனுக்குச் சொல்றது!"

"நாளைக் காலைல இடம் பார்க்க ஆபீசர் அம்மா வர்றாங்க."

"வரட்டுமே! கரண்ட் எப்ப வரும்னு தெரியாத ஊர்ல மெஷின் குடுக்குறாங்களாம், மெஷின்!"

"காலால மிதிக்கிற மெஷின்ங்க."

"ஓகோ, இப்ப என்னை மிதிக்கிறது பத்தலியா?"

பவானி கன்னத்தில் பூசியிருந்த தனாக்காப் பட்டைச் சாந்தைத் தடவிவிட்டுக்கொண்டு, "சரிங்க" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒரே பேச்சில் 'சரிங்க' என்றதில்லை. அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

நான் பள்ளிக்கூடம் பார்க்காதவன். துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன். ஏமாந்தேன், அடிபட்டேன், அப்புறம் பேரம் படித்தேன். என் பேரத்துக்கு மந்திரம் இதுதான். விலை படியவில்லையா, திரும்பி நட. எக்காரணம் கொண்டும் திரும்பிப் பார்க்காதே. கடைக்காரன் கூப்பிட்டே தீருவான். புதுப் பெண்டாட்டியாக வந்த பவானிக்கு இதை நான்தான் சொல்லிக்கொடுத்தேன். என் புத்திசாலித்தனம்!

ஆனால் எனக்கும் ஒரு பயம் உண்டு. போணி. ரங்கூன் சந்தையில் அது சாமி காரியம். முதல் வியாபாரத்தில் வந்த நோட்டை எல்லாச் சரக்கின் மேலும் தட்டுவோம். தட்டிவிட்டால் அந்த வியாபாரம் முடிந்தது, ஆண்டவனே வந்தாலும் திருப்ப முடியாது. முதலில் வந்த ஆளை வெறுங்கையோடு அனுப்பவும் கூடாது. ஒருநாள் கோபத்தில் அனுப்பிவிட்டேன். சாயங்காலமே காற்றடித்து, கடைக் கூரைத் தகரம் பறந்துபோய்க் குப்பை வண்டியில் உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் காலை கடையைத் திறக்கிறேன். எதிரே பவானி. பட்டுப்புடவை, தலையில் பூ, கையில் அப்போதுதான் புழக்கத்துக்கு வந்திருந்த ஐயாயிரம் சாட் நோட்டு.

"கடைக்காரரே, போணி!"

"வீட்டுக்குப் போடி."

"இந்த முன்பலகை என்ன விலை?"

"அது விக்கிறதுக்கில்ல!"

எதிர் டீக்கடையிலிருந்து ஜாபர் அலறினான். "அண்ணே, போணியை விரட்டாதீங்க! தகரம் ஞாபகம் இருக்கா?"

எனக்கு வியர்த்தது. உடனே மூளை வேலை செய்தது. முடியாத விலை சொன்னால் தானே ஓடிவிடுவாள்!

"அஞ்சு லட்சம்!"

"ஐயாயிரம்."

"ஏய், இது தேக்குப் பலகை! பல்குச்சின்னு நினைச்சியா?"

பவானி நோட்டை மடித்து இடுப்பில் செருகினாள். திரும்பினாள். நடந்தாள்.

அப்போதுதான் உறைத்தது. ஓடினாலும் போணி போச்சு! நிமிர்ந்து பார்த்தேன். புதுத் தகரம் லேசாக ஆடியது.

"ஏய், நாலு லட்சம்!"

நடை நிற்கவில்லை.

"ரெண்டு! அட, ஒண்ணு!"

மீன்காரிகள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். பவானி தெருமுனைக்கே போய்விட்டாள். ஒருதரம், ஒரே ஒருதரம் திரும்பிப் பார்த்திருந்தால் நான் ஜெயித்திருப்பேன். பார்க்கவில்லையே! எந்த மடையன் இவளுக்குச் சொல்லிக்கொடுத்தான்?

"தாயே, ஐயாயிரம்! வந்து தொலை!"

வந்தாள். நோட்டை வாங்கினேன். குடம், குண்டான், குத்துவிளக்கு என்று ஒன்று விடாமல் தட்டினேன். கடைசியில் முன்பலகையையும் தட்டினேன். தட்டும்போதுதான் நோட்டின் மூலையைப் பார்த்தேன். என் வெற்றிலைச் சுண்ணாம்புக் கறை. நேற்றுவரை என் சட்டைப் பையில் படுத்திருந்த நோட்டு!

வாயைத் திறப்பதற்குள், ஜாபர் கடையில் முதுகைக் காட்டிக்கொண்டு டீ குடித்த அம்மாள் எழுந்து வந்தார். உதவி நிலையத்து ஆபீசர், டோ டின் லா.

"இந்த இடம் யாருடையது?" என்று பர்மியத்தில் கேட்டார்.

"என்னுது சயாமா. இவர்கிட்ட வாங்கினேன். அவரையே கேளுங்க."

சந்தையே என் வாயைப் பார்த்தது. தட்டிய போணியைத் திருப்ப எனக்கு என்ன பைத்தியமா?

"அவங்களோடதுதான்" என்றேன்.

"பெருந்தன்மையான வீட்டுக்காரர்!" என்று ஆபீசர் அம்மாள் என்னைப் பாராட்டினார். ஜாபர் கை தட்டினான். அவனுக்குக் கூலி ஒரு ஜாடி ஊறுகாய் என்று பிற்பாடு தெரிந்தது.

மழைக்காலம் வருவதற்குள் மெஷின் வந்தது, பெயர்ப்பலகை வந்தது, வெளியூர் மாவ்பியிலிருந்துகூட மொத்த வியாபாரிகள் வந்தார்கள். கூட்டம் வாசலை அடைத்துக்கொண்டது. என் பாத்திரங்களைப் பார்க்க வேண்டுமானால் ஜனங்களின் கக்கத்துக்குள் தலையை விட்டுப் பார்க்க வேண்டும். வீட்டில் நல்ல காசு, நல்ல சாப்பாடு, சிரிப்புச் சத்தம். கடையில் நான் மட்டும் ஈ ஓட்டினேன். அந்த ஈயும் ஊறுகாய்க்கு வந்ததுதான்.

பாத்திரம் அறிந்தவன் சும்மா இருப்பானா? போணியில் போனதைப் போணியிலேயே பிடிப்பது என்று முடிவு செய்தேன். ஒருநாள் விடிந்ததும் விடியாததுமாகக் குளித்து, விபூதி பூசி, புது லோஞ்சி கட்டி, நோட்டோடு பவானி முன்னால் போய் நின்றேன்.

"கடைக்காரம்மா, போணி! முன்பலகை என்ன விலை?"

"ஐயோ, போணி ஆயிடுச்சுங்களே! நீங்க சோப்புப் போட்டுக்கிட்டே பாடிக்கிட்டு இருந்தீங்க பாருங்க, அப்பவே ஜாபர் வந்து ஒரு ஜாடி ஊறுகாய் வாங்கிட்டுப் போயிட்டாரு."

"அவனா!"

"சத்தம் போடாதீங்க, வியாபார நேரம். ஊறுகாய் வேணும்னா வரிசையில நில்லுங்க."

நின்றேன். என் முறை வந்தபோது ஊறுகாய் தீர்ந்துவிட்டது.