கைக்கு எட்டாத சொல்

“சுதந்திரம்!” என்று தலைவர் பதினோராவது முறை முழங்கியபோது, மேடையோரம் நின்று அவர் பேச்சைச் சைகையில் காட்டிக்கொண்டிருந்தவளின் கைகள் அந்தரத்தில் நின்றுவிட்டன.

மணிக்கட்டுகளைக் குறுக்காக வைத்து, கட்டு அறுந்ததுபோல் விலக்கினால் சுதந்திரம். பத்து முறை அறுத்தாகிவிட்டது. ‘காது கேளாதோர்’ என்று அட்டை தொங்கிய முன்வரிசையில் ஒரு கண்ணாடிக்கார அம்மா, தன் மணிக்கட்டுகளையும் அப்படியே குறுக்காக வைத்து, பிறகு உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினார்.

கட்டினது யாரு?

சைகைக்காரிக்கு வியர்த்தது. கூட்டப் பொறுப்பாளர் காலையிலேயே சொல்லியிருந்தார்: “அந்த வரிசையிலேருந்து ஒரே ஒரு புகார் வரட்டும், நாளைக்கு வேற ஆளு.” ஏழு மாதம் அலைந்து கிடைத்த வேலை.

கைதட்டலுக்கு நடுவே தலைவர் பக்கம் சாய்ந்தாள். “ஐயா, எதுலேருந்து சுதந்திரம்?”

தலைவர் மைக்கைப் பொத்தினார். “எதுலேருந்தா? இதென்ன கேள்வி? சும்மா பெருசா காட்டும்மா!”

பெரிதாகக் காட்டினாள். கூண்டைத் திறந்து பறவையைப் பறக்கவிட்டாள். முன்வரிசை மொத்தமும் அண்ணாந்து பார்த்தது. பார்த்தவர்கள் குனியவே இல்லை. அவர்களைத் தரைக்கு இறக்க வேண்டுமே என்று, அவிழ்த்துவிட்ட மாடு தறிகெட்டு ஓடுவதாகக் காட்டினாள்.

கண்ணாடிக்கார அம்மா நெற்றியில் இரண்டு விரல்களைக் கொம்பாக வைத்து, தலைவரைச் சுட்டி, புருவத்தை உயர்த்தினார். இவரா?

அவசரத்தில் இவளும் தலையாட்டிவிட்டாள்.

வரிசை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

“பாருங்க!” தலைவரின் குரல் தழுதழுத்தது. “அந்த ஒரு சொல்லுக்கே முகமெல்லாம் எப்படி மலருது பாருங்க! சுதந்திரம்! உண்மையான சுதந்திரம்! முழுமையான சுதந்திரம்!”

உண்மையானதாம். அப்படியானால் இதுவரை காட்டியதெல்லாம்? கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். இங்கே தலைவர் வாய்க்கு எட்டியது அவள் கைக்கு எட்டவில்லை. மழையை ஏந்துபவள்போல இரண்டு உள்ளங்கைகளையும் விரித்தாள். காலி. எனக்கும் தெரியவில்லை.

முன்வரிசை எழுந்து நின்று கைதட்டியது.

கூட்டம் முடிந்ததும் பொறுப்பாளர் மூச்சிரைக்கப் படியேறி வந்தார். “என்னத்தக் காட்டித் தொலைச்ச? மொத்த வரிசையும் மேடைக்கு வருது. புகார்தான். உன் சீட்டு கிழிஞ்சுது, போ!”

வந்தவர்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். மிக மெதுவாக, சைகையில் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினாள்.

கண்ணாடிக்கார அம்மா அவள் கைகளைப் பிடித்து நிறுத்தினார்.

“வாயாலயே சொல்லு கண்ணு, எங்களுக்கெல்லாம் காது நல்லா கேக்கும். அவர் பேசுறது ஒண்ணும் புரியல, உன் கையப் பாத்தாவது புரியுமான்னுதான் இந்த வரிசையில வந்து உக்காந்தோம்.”